இரண்டு ஆடுகளின் இன்றைய விலை

எபி,

நீ விமானம் ஏறி ஒன்பது நாள் ஆகிறது. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறோம். அங்கே மதியம் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது என்கிறாய். அரிசி கிடைக்கிறது, புளிதான் கிடைக்கவில்லை என்கிறாய். கூடத் தங்கியிருக்கும் நேபாளக்காரர் உன்னைவிட நன்றாகச் சமைக்கிறார் என்கிறாய். நானும் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறேன். ஆனால் நீ கிளம்புவதற்கு முந்திய அந்த ஐந்து வாரத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயே திறப்பதில்லை. அது முடிந்துபோன விஷயம் என்று நீ நினைக்கிறாய் போல. எனக்கு முடியவில்லை. அதில் எனக்குப் புரியாதது இன்னும் இருக்கிறது. எழுதிப் பார்த்தால் புரியலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதியதை வேறு சிலருக்கும் படிக்கக் கொடுக்கப்போகிறேன். நம் சபையிலேயே இந்த வருஷம் வெளிநாடு போகக் காத்திருக்கிற பிள்ளைகள் ஆறு பேர். உன்னிடம் கேட்டதற்கு, "பேரு போட்டாலும் பரவால்லம்மா" என்றாய். அதனால் பேர் போட்டே எழுதுகிறேன்.

அந்த முதல் போன் வந்தது ஐப்பசி மழையில். நான் அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தெரியாத நம்பர். ஒரு பெண், வயது இருபத்திரண்டு இருபத்துமூன்றுக்கு மேல் இருக்காது, குரலை வைத்துச் சொல்கிறேன்.

"எபினேசர் வூடுங்களா? அவரு லோன் விஷயமா பேசறேங்க. போன எடுக்கவே மாட்டறாரு. ரெஃபரன்ஸ்ல உங்க நம்பரத்தான் குடுத்துக்கிறாரு."

"இன்னா லோனும்மா? எவ்ளோ?"

"அதெல்லாம் உங்ககிட்ட சொல்லக் கூடாதுங்க. எங்களுக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க, அது போதும்."

எனக்கு அவள் சொன்னதைவிட அவள் மேல்தான் முதலில் யோசனை போனது. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் போன் பண்ணுவாய் என்று கேட்டேன். நூறுக்கு மேல் என்றாள். எடுக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். "திட்டுவாங்கங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, இன்னும் இல்லை என்றாள். பிறகு, "அவர பேசச் சொல்லுங்கம்மா. பேசினா வழி இருக்கு. பேசாம இருந்தாத்தான் கஷ்டம்" என்று வைத்துவிட்டாள். அந்தப் பெண் சொன்னதுதான் இந்தக் கடிதம் முழுவதும். அதற்கு மேல் நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மத்தியானம் நீ சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "அதுவா? கண்டுக்காதம்மா. இன்னும் அஞ்சு வாரம். அங்க போயிட்டா இந்த சிம்மே இருக்காது. எவனும் தேடிக்கினு போலந்துக்கு வர மாட்டான்."

நான் கத்துவேன் என்று நீ எதிர்பார்த்தாய். உன் தோள் ஏறி நின்றதே, அதில் தெரிந்தது. எனக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் முப்பது வருஷம் கிராமத்து நர்ஸாக இருந்தவளுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. காய்ச்சலோடு வந்தவனைத் திட்டி ஒரு பயனும் இல்லை. எத்தனை நாளாக இருக்கிறது, முதல் நாள் எப்படி இருந்தது, அதற்கு முந்திய நாள் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். பாதிப் பேர் முதல் கேள்விக்குப் பொய்தான் சொல்வார்கள். மூன்றாவது கேள்வியில் உண்மை வரும். அதனால் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இருக்கறதெல்லாம் சொல்லு. மொதமொத வாங்கினதுல இருந்து" என்றேன்.

நீ கடைசியில் வாங்கியதிலிருந்துதான் சொன்னாய். போன் ஆப்பில் வாங்கிய இரண்டு சின்னக் கடன். கிரெடிட் கார்டில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அந்தக் கார்டைக் கட்டுவதற்காக வாங்கி, கட்டாமல் செலவாகிப்போன இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அடியில் வங்கியில் ஒரு பர்சனல் லோன், மூன்றரை லட்சம் பாக்கி. உன் சிநேகிதன் தனசேகரிடம் ஒன்றரை லட்சம். எழுதிக்கொண்டே வந்தேன். எனக்குத் தொகை பயமாக இல்லை; ஒவ்வொன்றும் இன்னொன்றை அடைக்க வந்தது என்பதுதான் ஆச்சரியமாக இருந்தது. அப்படியானால் முதலாவது எதை அடைக்க வந்தது?

"மாடி ரூமுக்கு" என்றாய்.

"எந்த மாடி ரூமு?"

"நம்ம மாடி ரூம்தாம்மா. நீதான் கேட்ட."

பேனா நின்றுவிட்டது. உன் அப்பா தவறிப்போன மறுவருஷம், மேலே ஒரு ரூம் போட்டால் நன்றாக இருக்குமே என்று போனில் சொன்னேன். கேட்டதாகக்கூட எனக்கு ஞாபகமில்லை, சும்மா சொன்னது. ஒரே வாரத்தில் ஐம்பதாயிரம் அனுப்பினாய், ரூம் முடிகிற வரைக்கும் மேலும் மேலும் அனுப்பினாய். கொத்தனாரிடம், "எம் பையன் அனுப்பிச்சது" என்று நான் சொன்ன குரல் எனக்கே இப்போது கேட்கிறது. அடுத்து கேட்டேன், அப்போது உன் சம்பளம் இருபத்தெட்டாயிரம் என்றாயே, அதில் பிடித்துக் கட்டியிருக்கலாமே என்று. நீ தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "பதினாறும்மா. எப்பவும் பதினாறுதான். காண்ட்ராக்ட்டுல எவன் இருவத்தெட்டு குடுப்பான்?"

ஐந்து வருஷம் மாதாமாதம் எனக்குப் பத்தாயிரம் அனுப்பினாய். ஒரகடத்துத் தொழிற்பேட்டைப் பக்கம் ரூம் வாடகை போக உன் கையில் என்ன நின்றிருக்கும் என்று நான் ஒரு நாளும் கணக்குப் போட்டதில்லை. எனக்கு அந்தப் பணம் தேவையும் இல்லை, எபி. அப்போது எனக்கும் சம்பளம் வந்துகொண்டிருந்தது, பிறகு பென்ஷன். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். பையன் அனுப்புகிறான் என்று சபையில் சொல்லிக்கொள்ள வாங்கினேன். டைல்ஸ் போட்டேன். களமருதூரில் என் தங்கை பெண் கல்யாணத்துக்கு மோதிரம் போட்டேன். ஊரில் எத்தனையோ பேரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டவள், என் பிள்ளையிடம் ஒரு தரமாவது "கைல இன்னா நிக்குதுடா?" என்று கேட்டேனா? நீ பொய் சொன்னாய், சரி. அந்தப் பொய்யை நான் ஏன் அவ்வளவு ஆசையாக நம்பினேன் என்பதுதான் எனக்கு இன்னும் விடை தெரியாத கேள்வி. உன் கடனில் நான் தின்றதும் இருக்கிறது. அதை அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

அதன்பிறகு நாம் செய்ததெல்லாம் உனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆப் கடனை முதலில் பார்த்தோம். சின்னதுதான், ஆனால் சத்தம் அதுதான் அதிகம் போட்டது. வசூலுக்குப் பேசிய ஒருவன் தன் சொந்த நம்பருக்குப் பணம் அனுப்பச் சொன்னான். அனுப்பவில்லை. கடன் கொடுத்த கம்பெனியின் கணக்குக்கு நேரே கட்டினோம், பாக்கி இல்லை என்று எழுதியும் வாங்கிக்கொண்டோம். கார்டுக்காரர்கள் பாதியைக் கட்டினால் போதும், முடித்துவிடலாம் என்றார்கள். உனக்கு வாயெல்லாம் பல். நான் விடாமல் கேட்டேன், மீதிப் பாதி எங்கே போகும், யார் கொடுப்பார்கள், காகிதத்தில் என்ன எழுதுவீர்கள் என்று. "முழுசா அடச்சாரு"ன்னு எழுத மாட்டோம், "பேசி முடிச்சது"ன்னுதான் எழுதுவோம், பின்னால் வீட்டுக்கடன் கேட்டுப் போனால் அது முன்னால் வந்து நிற்கும் என்று நாலாவது தரம் கேட்டபோதுதான் சொன்னார்கள். வட்டி அதில்தான் அதிகம் என்பதால், என் டெபாசிட்டை உடைத்து அதையும் அதைக் கட்ட நீ வாங்கிய கடனையும் முழுதாக அடைத்தேன். நீ வேண்டாம் என்றாய். உன் பணம்தானே, கொஞ்சம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

வங்கிக்கு நீ வர மாட்டேன் என்றாய். வெளிநாடு போவது தெரிந்தால் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று யாரோ உன்னை மிரட்டி வைத்திருந்தார்கள். எப்படியோ உன்னைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே இருந்த அதிகாரியம்மாவிடம் நான் அதையே முதல் கேள்வியாகக் கேட்டேன். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்க பாஸ்போர்ட்ட வச்சி நாங்க இன்னாங்க பண்றது? சொல்லாம போறவங்களத்தான் நாங்க தேடறோம். சொல்லிட்டுப் போறவங்க ரொம்ப கம்மி" என்றார். தவணையைக் குறைத்து மாதங்களை நீட்டிக் கொடுத்தார். மொத்தத்தில் வட்டி கொஞ்சம் ஜாஸ்தி ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. உன் கணக்கை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான கணக்காக மாற்றி, அதிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி எழுதி வாங்கினார். இந்த ஊர் சிம்மைத் தூக்கிப் போடாதே, அதில்தான் செய்தி வரும் என்றார். வெளியே வந்து படியில் நின்று நீ விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. ஒன்றரை வருஷமாக நீ பயந்துகொண்டிருந்த அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது ஒரு மேசை, ஒரு அம்மா, ஒரு படிவம்.

தனசேகர் விஷயத்தில்தான் நீ பிடிகொடுக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்டுக்குக் கட்ட அவன் கொடுத்த ஒன்றரை லட்சம் அவன் மனைவி கோமதியின் செயினை அடகு வைத்து வாங்கியது. கடைக்குச் சரக்கு எடுக்க என்று அவளிடம் சொல்லி வாங்கியிருக்கிறான். அவன் வைத்திருப்பது செல்போன் ரிப்பேர் கடை, ஆறடி அகலம். அதற்கு என்ன சரக்கு என்று அவள் கேட்கவில்லை. நம்பினாள்.

"தனசேகர் ஒண்ணும் கேக்க மாட்டாம்மா. அங்க போயி அனுப்பிடறேன்."

"கோமதிகிட்ட யாரு சொல்றது?"

"அது அவங்க வூட்டு விஷயம்."

"செயினு யாரு கழுத்துதுடா?"

அப்போது நீ எழுந்து நின்று கேட்டாய். கோபத்தில்தான் கேட்டாய். "நீ மட்டும் யாருக்கும் பாக்கி வைக்காம வந்துட்டியா? எல்லார்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டா வந்த?"

நான் சிரிக்கத்தான் வாயெடுத்தேன். சிரிப்பு வரவில்லை. ராமாயி முகம் வந்தது.

உனக்கு மூன்று வயது வரை நாம் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு உள்ளே ஒரு ஊரில் இருந்தோம். துணை சுகாதார நிலையத்தை ஒட்டினாற்போல் எனக்கு ஒரு அறை. உன் அப்பா கள்ளக்குறிச்சியில் ரைஸ் மில்லில் இருந்தார், சனிக்கிழமைதான் வருவார். பக்கத்து வீடு ராமாயி. என் வயதுதான். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஊர் ஊராக நடப்பாள். சம்பளம் கிடையாது, நான் கையில் கொடுப்பதுதான். நான் உன்னை அவளிடம் விட்டுவிட்டுப் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறேன். அந்தச் சமயத்தில், கீழே மாறுதல் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஆள் சொன்னான். மூவாயிரம் கேட்டான். அப்போது எனக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. ராமாயியிடம் உடம்புக்கு வைத்தியம் என்று சொன்னேன். அவள் இரண்டு ஆட்டை விற்றுக் கொண்டுவந்து கொடுத்தாள். மலையை விட்டுப் போவதற்கு மலைக்காரியிடமே கடன் வாங்கினேன், பொய் சொல்லி. இரண்டு மாதத்தில் ஆர்டர் வந்தது. அந்த ஆளால் வந்ததா, தானாக வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ராமாயி சந்தைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, சாமானைக் கட்டிக்கொண்டு உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். சம்பளம் வந்ததும் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம். ஒரு வருஷம் தாண்டியபிறகு பணம் அனுப்புவதைவிட அனுப்பாமல் இருந்ததற்குக் காரணம் சொல்வது பெரிய வேலையாகிவிட்டது.

இருபத்தாறு வருஷம், எபி. சபையிலிருந்து அந்த மலை அருவி பார்க்க வேன் கிளம்பினால் எனக்கு முழங்கால் வலி வந்துவிடும். ஆஸ்பத்திரியில் மலைக்காரர்கள் கூட்டமாக வந்தால் ஸ்டோர் ரூமில் போய் மருந்து எண்ணுவேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று கடன் என்ற சொல் வரும் இடத்தில் என் குரல் தானாக இறங்கும். மூவாயிரம் ரூபாய்க்காக ஒரு மலையையே எனக்கு இல்லாமல் ஆக்கிக்கொண்டேன். உன்னிடம் இதைச் சொல்லி முடித்தபோது உன் கோபம் போயிருந்தது. "அவங்க உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். "போய்ப் பாக்கலாமா?" என்றாய். என்னைப் போலவே உனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணையைக் கடந்து பஸ் மலையேறும்போது பையில் இருந்த பணக் கவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, "இங்க எப்டிம்மா தனியா இருந்த?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். இறங்கிப் போனால் சுகாதார நிலையம் புதுக் கட்டடமாகியிருந்தது. பின்னால் அதே இடத்தில் தகரம் போட்ட வீடு. வாசலில் ஒருத்தி மரவள்ளிக் கிழங்கின் மண்ணைத் தட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. உட்கார்ந்திருந்த விதத்தை வைத்தே அவள்தான் என்று தெரிந்துவிட்டது.

"ராமாயி, நான்தான். நர்சு."

"எந்த நர்சு? இங்க பத்து நர்சு வந்து போய்ட்டாங்க."

"தடுப்பூசிப் பொட்டிய நீ தூக்கிக்கினு வருவியே."

கிழங்கைக் கீழே வைத்தாள். நெடுநேரம் பார்த்தாள். "நீயா" என்றாள். மறுபடி கிழங்கை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். நான் பையிலிருந்து கவரை எடுத்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"காசு கெடக்கட்டும். சொல்லாம போனியே, அது இன்னாத்துக்கு?"

"வெக்கமா இருந்துது."

"ஒனக்கு வெக்கம். எனக்கு? நாலு நாள்ல வந்துடும், ஊருக்குப் போயிக்கிதுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கினு இருந்தேன். ஒரு மாசம் சொன்னேன். அப்புறம் என்னப் பாத்து சிரிச்சாங்க. அந்த ஆடு ரெண்டும் கூர மாத்த வச்சிருந்தது. ரெண்டு மழ ஒழுவற வூட்ல படுத்தோம். எங்க வூட்டுக்காரரு ஒரு வருசம் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. செத்துப்போற வரைக்கும் அத சொல்லிக்காட்டினாரு."

உடம்புக்கு வைத்தியம் என்றது பொய், மாறுதலுக்குத்தான் வாங்கினேன் என்பதை மட்டும் சொன்னேன். "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கவரை வாங்கி எண்ணினாள்.

"இது எவ்ளோ?"

"பத்தாயிரம். நீ குடுத்தது மூவாயிரம்."

"நான் குடுத்தது மூவாயிரம் இல்ல. ரெண்டு ஆடு. இன்னிக்கு ரெண்டு ஆடு இன்னா வெல தெரியுமா? சந்தையில போயிக் கேளு. இருவத்தி ரெண்டுக்குக் கம்மியா எவனும் தர மாட்டான்."

உனக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாய். நான் பெரிய மனது பண்ணி மூன்று பங்குக்கு மேல் கொண்டுபோயிருக்கிறேன் என்ற நினைப்பில் போனவள். அவள் வேண்டாம் என்று கையைத் தள்ளுவாள், நான் திணிப்பேன், இருவரும் அழுவோம் என்று வழியெல்லாம் கற்பனை பண்ணியிருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவள் சொன்னது நியாயமாகவும் இருந்தது. நீ முன்னால் வந்து, "மீதிய நான் அனுப்பிடறேங்க" என்றாய்.

"நீ யாரு?"

"இவங்க பையன். சின்னதுல நீங்க தூக்கி வச்சிருந்தீங்களாம். இந்த மாசக் கடைசில வெளிநாடு போறேன். போலந்து."

ராமாயி உன்னை மேலும் கீழும் பார்த்தாள். "மலைய வுட்டு எறங்கிப் போனவளே திரும்பி வர இருவத்தாறு வருசம் ஆச்சி. நீ கடலத் தாண்டிப் போறவன். ஒன்ன நம்பி நான் இன்னா பண்றது?"

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி, பென்ஷன் வந்ததும் நானே கொண்டுவருகிறேன் என்றேன். "வந்தா பாக்கலாம்" என்றாள். கடுங்காப்பி கொடுத்தாள். அதில் சர்க்கரை இல்லை. வீட்டில் இல்லையா, கோபமா என்று தெரியவில்லை. குடித்துவிட்டு வந்தோம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "நீ வூட்டுக்குப் போம்மா. நான் தனசேகர் வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றாய். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாய். நான் போகச் சொல்லவில்லை என்பதை இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். அங்கே நடந்ததை நீ வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். தனசேகர் கண்ணால் ஜாடை காட்டியும் நீ கோமதியிடம் நேராகச் சொன்னாயாம். அவள் கத்தவில்லையாம். உள்ளே போய்ச் செயின் வைக்கும் காலிப் பெட்டியை எடுத்து வந்து உன் முன்னால் வைத்துவிட்டு, புருஷனைப் பார்த்து, "அண்ணன் சொல்லிட்டாரு. நீ எப்ப சொல்றதா இருந்த?" என்று கேட்டாளாம். மறுநாளே உன் வண்டியை விற்றாய். ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. அது போதாமல் குளிர் ஜாக்கெட் வாங்க வைத்திருந்த பணத்தையும் சேர்த்தாய். அதனால்தான் நேபாளக்காரருடைய ஜாக்கெட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நீ சொல்லாவிட்டாலும் போனில் தெரிகிறது. நீ கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது செயின் மீண்டு அவள் கழுத்துக்குப் போனது. கோமதி உன்னோடு இன்னும் பேசவில்லை. காய்கறிக் கடையில் என்னோடு பேசுகிறாள். இப்போதைக்கு அது போதும். ஒன்றுமே தெரியாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைவிட, தெரிந்துகொண்டு பேசாமல் இருப்பது எனக்கு மேலாகத் தோன்றுகிறது. உனக்கு எப்படி என்று எழுது.

நீ கடன் இல்லாமல் போகவில்லை. வங்கித் தவணை இன்னும் நாலு வருஷம் ஓடும். ஆனால் உன் கடன் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், கொடுத்தவர்களுக்கு நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியும். வெளிநாடு போகிற பிள்ளைக்கு அவ்வளவு இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். அங்கே முதல் சம்பளம் வந்ததும் எனக்கு அனுப்பாதே. முதலில் ஜாக்கெட் வாங்கு. அந்த ஊர் பாஷையில் கடனுக்கு என்ன சொல் என்று யாரிடமாவது கேட்டுச் சொல். அவர்கள் அந்தச் சொல்லை எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்றும் கவனி.

நேற்று ஐந்தாம் தேதி. மலைக்குப் போவதற்கு முன்னால், ஒரு ஆசையில், ஆட்டுச் சந்தைக்குப் போய் விலை கேட்டேன். இரண்டு ஆடு, நடுத்தரமாக, இருபத்து நாலு சொன்னார்கள். ராமாயி குறைத்துத்தான் கேட்டிருக்கிறாள். சந்தை விலைப்படி மீதி பதினாலாயிரத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினேன். அவள் வாசலில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் வருவேன் என்று அவள் நம்பியிருக்கவில்லை. அவள் எழுந்து நின்ற விதத்தில் தெரிந்தது. பணத்தை எண்ணினாள். இரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். சந்தையில் கேட்டேன் என்றேன். "நான் சொன்னது இருவத்தி ரெண்டு" என்றாள். மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மழை மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கணக்கு தீந்துபோச்சி நர்சம்மா" என்றாள். "இனிமே நீ வர்றதா இருந்தா சும்மாதான் வரணும். வருவியா?"

வருவேன் என்றேன். எந்தத் தேதி என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா